பிழையும் ஓர் ஆசான்

செகிஞ்சான் நெல்வயல்களின்மீது டிரோன்கள் பறந்து மருந்து தெளிப்பதைக் காணலாம். மனிதன் எழுதிய நிரலின்படியே அவை இயங்குகின்றன. நிரல் எழுதுவதைச் சிறுவர்களும் விளையாட்டாகக் கற்கலாம் எனக் காட்டியவர் கணித அறிஞர் சீமோர் பேப்பர்ட். 1967-இல் அவரும் நண்பர்களும் சிறுவர்களுக்காக 'லோகோ' எனும் நிரல்மொழியை உருவாக்கினர். பின்னர், அம்மொழியின் கட்டளைக்கேற்பத் தரையில் நகர்ந்து கோடு வரையும் 'ஆமை' எனும் ரோபோவும் உருவானது.

ஆமை சதுரம் வரைய வேண்டுமா? '100 அலகு முன்னே செல். வலப்புறம் 90 பாகை திரும்பு' எனும் கட்டளைகளை நான்கு முறை கொடுத்தால் போதும். 90-க்குப் பதில் 80 என்று கொடுத்தால் கோடு தொடங்கிய இடத்திற்கு வந்து சேராது. அப்போது மாணவர் ஆமையைப் போலத் தாமே நடந்து பார்ப்பார், பிழை எங்கே என்று அறிவார், கட்டளையைத் திருத்துவார். கோணம் என்றால் என்ன என்பதும் அவருக்கு விளங்கிவிடும்.

தேர்வுத்தாளில் தவறான விடை சிவப்புக் கோட்டோடு முடிந்துவிடுகிறது. ரோபோவை இயக்கும்போதோ, தவறு நேர்ந்த இடத்தில்தான் கற்றல் தொடங்குகிறது. இக்கருத்தைப் பேப்பர்ட் 1980-இல் 'மைண்ட்ஸ்டோர்ம்ஸ்' எனும் நூலில் விளக்கினார். 1998-இல் லெகோ நிறுவனம் வெளியிட்ட ரோபோத் தொகுப்பு அந்நூலின் பெயரையே தாங்கியது. துண்டுகளை இணைத்து ரோபோ செய்து, அதற்கு நிரலும் எழுதும் மாணவர்களுக்குப் பிழை இன்றும் நல்லாசானாகவே விளங்குகிறது.