காப்பீட்டின் பெயரால் வரும் போலி அழைப்பு: அறிவதும் தடுப்பதும்

நெற்கதிர் பால் பிடிக்கும் தருணம் பார்த்துக் கதிர்நாவாய்ப் பூச்சி வயலுக்கு வருகிறது. பாலை உறிஞ்சிக்கொண்டு பதரை விட்டுச் செல்கிறது. காப்பீட்டு நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக் கைபேசியில் பேசும் மோசடிக்காரர்களும் இப்படித்தான். இழப்பீட்டுத் தொகையோ, பாலிசியின் முதிர்வுத் தொகையோ வருமென்று விவசாயி காத்திருக்கும் நேரமே அவர்களுக்கு ஏற்ற பருவம்.

விழுப்புரம் மாவட்டத்தில் இத்தகைய காத்திருப்பு அடிக்கடி நேர்வதுதான். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. தென்பெண்ணையில் வெள்ளம் பெருக்கெடுத்து வயல்கள் மூழ்கின. இதுபோன்ற ஆண்டுகளில் திருவாமாத்தூரிலோ திண்டிவனத்திலோ இரண்டு ஏக்கர் பயிர் செய்து பிரீமியமும் கட்டிய ஒருவர், காப்பீட்டு நிறுவனம் அழைக்காதா என்று எதிர்பார்ப்பது இயல்பே. அந்த எதிர்பார்ப்பில் கையிலிருக்கும் சாகுபடிச் செலவுப் பணத்தையும் இழந்துவிடக் கூடாது. அதற்கு, காப்பீட்டுப் பணம் உண்மையில் எந்த வழியாக வருகிறது என்பதை அறிந்துகொள்வதே முதல் பாதுகாப்பு.

உண்மையான வழி எது?

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016 காரீப் பருவம் முதல் நடைபெற்று வருகிறது. இதில் விவசாயி கட்ட வேண்டிய பிரீமியம் காரீப் பருவ உணவு தானியம், பயறு, எண்ணெய் வித்துப் பயிர்களுக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம். ராபி பருவத்துக்கு 1.5 சதவீதம், ஆண்டுப் பணப்பயிர், தோட்டப் பயிர்களுக்கு 5 சதவீதம். இதற்கு மேல் விவசாயி கட்ட வேண்டியதில்லை. எடுத்துக்காட்டாக, சம்பா நெல்லுக்கு ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் விவசாயியின் பங்கு 540 ரூபாய். இதனைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், வங்கி, பொதுச் சேவை மையம் ஆகியவற்றில் கட்டி ரசீது பெறலாம்.

இழப்பீடு முடிவாகும் முறையையும் தெரிந்துகொள்வது நல்லது. மகசூல் இழப்புக்கான இழப்பீடு ஒவ்வொரு விவசாயியின் மனுவையும் தனித்தனியே பார்த்துத் தரப்படுவதன்று. அறிவிக்கை செய்யப்பட்ட கிராமம் அல்லது பிர்க்காவில் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து சராசரி மகசூல் கணக்கிடப்படுகிறது. அது உத்தரவாத மகசூலைவிடக் குறைந்தால், அப்பகுதியில் அப்பயிருக்குப் பிரீமியம் கட்டிய அனைவருக்கும் இழப்பீடு உண்டு. தொகை நேராக வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும். ஆகவே, “உங்கள் ஃபைல் மேஜையில் இருக்கிறது, 2,000 ரூபாய் அனுப்பினால் இன்றே கையெழுத்தாகும்” என்று ஒருவர் பேசினால் அது பொய். அப்படி ஒரு தனி ஃபைலே கிடையாது.

ஆலங்கட்டி மழை போன்ற தல இடர்ப்பாடுகளுக்கும், அறுத்து வயலில் உலரவிட்டிருக்கும்போது 14 நாட்களுக்குள் புயல், பருவம் தவறிய மழையால் நேரும் இழப்புக்கும் முறை வேறு. இவற்றை 72 மணி நேரத்துக்குள் விவசாயியே தெரிவிக்க வேண்டும். அதன்பின் வயலைப் பார்வையிட வரும் நாளைச் சொல்ல, நிறுவனத்திலிருந்து உண்மையாகவே அழைப்பு வரலாம். அவருக்குத் தேவை வயலுக்கு வரும் வழி. வங்கியின் ரகசிய எண் அவருக்கு எதற்கும் தேவைப்படாது.

மோசடியின் வகைகள்

ஆயுள் காப்பீட்டுப் பாலிசி வைத்திருப்போருக்கு வரும் அழைப்பு பழையது. “காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்திலிருந்து பேசுகிறோம். உங்கள் பாலிசிக்குப் போனஸ் ஒதுக்கியிருக்கிறோம். அதைப் பெற ஒரு புதிய பாலிசி எடுங்கள்” என்பார்கள். தில்லி, நொய்டா பகுதிகளில் வாடகைக் கட்டடங்களில் ஆட்களை அமர்த்தி இவ்வாறு பேசிய கும்பல்களைக் காவல்துறையினர் பலமுறை பிடித்திருக்கிறார்கள். ஆணையம் பாலிசி விற்பதில்லை, போனஸ் அறிவிப்பதில்லை, யாருடைய பிரீமியத்தையும் முதலீடு செய்வதுமில்லை. இதனை ஆணையமே தொடர்ந்து எச்சரித்து வருகிறது. பிரீமியத்தில் பாதியைத் திருப்பித் தருவதாகப் பேசுவதும் ஏற்கத்தக்கதன்று. 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு அவ்வாறு தள்ளுபடி தருவதைத் தடை செய்கிறது.

கறவை மாட்டுக்குத் தொலைபேசியிலேயே காப்பீடு செய்து தருவதாகச் சொல்வதையும் நம்ப வேண்டாம். கால்நடை மருத்துவர் மாட்டைப் பார்த்துச் சான்று தர வேண்டும். காதில் வில்லை பொருத்த வேண்டும்.

வாட்ஸ்அப்பில் அரசுச் சின்னத்துடன் ஒரு செயலியை அனுப்பி, “இதைத் திறந்தால் இழப்பீட்டு விவரம் தெரியும்” என்பது அண்மைக் கால வகை. பி.எம். கிசான் பெயரிலும் இத்தகைய போலிச் செயலிகள் உலவின. இதனை நிறுவினால் கைபேசிக்கு வரும் குறுஞ்செய்திகளை எங்கோ இருப்பவர் படிக்க வழி ஏற்படும்.

அறிகுறிகள்

பேசுபவர் விவசாயியின் பெயரையும், ஊரையும், சில வேளைகளில் பாலிசி எண்ணையும் சரியாகச் சொல்வார். இதைக் கேட்டே பலர் நம்பிவிடுகின்றனர். திருவாமாத்தூர் கோயில் வட்டப்பாறையைப் பற்றி வழங்கும் கதை இங்கு நினைக்கத்தக்கது. தம்பியின் பொருளை வஞ்சித்துத் தங்கமாக்கிக் கைத்தடிக்குள் ஒளித்த அண்ணன், சத்தியம் செய்யும்போது தடியைத் தம்பியிடமே பிடிக்கக் கொடுத்துவிட்டு, “அவன் பொருள் என்னிடம் இல்லை” என்றானாம். சொன்ன வார்த்தை உண்மை; செய்த செயல் வஞ்சகம். பெயரும் பாலிசி எண்ணும் சரியாக இருப்பது, பேசுபவர் நேர்மையானவர் என்பதற்குச் சான்றாகாது. அவ்விவரங்கள் எத்தனையோ கைகள் மாறி வந்திருக்கலாம்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் அழைப்பைச் சந்தேகிக்க வேண்டும்:

1. பணம் தருவதாகச் சொல்லி, முதலில் கட்டணம், வரி, முன்பணம் என்று கேட்பது.

2. ஓ.டி.பி. எண், ஏ.டி.எம். அட்டை எண், ரகசிய எண் கேட்பது.

3. பணம் பெறுவதற்காக ‘ஸ்கேன்’ செய்யவும் ரகசிய எண்ணை அழுத்தவும் சொல்வது. கூகுள் பே, போன் பே போன்றவற்றில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. அதனை அழுத்தினால் நம் பணம் வெளியே போகிறது என்று பொருள்.

4. இன்றே கடைசி நாள் என்று அவசரப்படுத்துவது. வீட்டாரிடமோ வங்கியிலோ சொல்ல வேண்டாம் என்பது.

5. நிறுவனத்தின் கணக்குக்கு அனுப்பாமல் தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்வது.

6. *401* என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொல்வது. இதனால் நமக்கு வரும் அழைப்புகள் மோசடிக்காரரின் எண்ணுக்குத் திரும்பிவிடும்.

வங்கி, காப்பீட்டு நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கென 1600 என்று தொடங்கும் எண் வரிசை 2024-இல் அறிவிக்கப்பட்டது. சாதாரணப் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து நிறுவனத்தின் பெயரால் அழைப்பு வந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. எனினும் எண்ணை மட்டும் நம்பாமல், என்ன கேட்கிறார் என்பதையே கவனிக்க வேண்டும்.

தடுப்பு முறைகள்

இத்தகைய அழைப்பில் வாதாட வேண்டியதில்லை. “நான் சங்கத்திலோ வங்கியிலோ நேரில் கேட்டுக்கொள்கிறேன்” என்று கூறித் துண்டித்துவிடலாம். உண்மையான நிறுவனமானால் ஒரு நாள் தாமதத்தால் எதுவும் கெடாது. பின்னர், வந்த எண்ணுக்கே திரும்பப் பேசாமல், தெரிந்த எண்ணில் விசாரிக்க வேண்டும். பயிர்க் காப்பீட்டுக்கு 14447 என்ற இலவச எண் உள்ளது. பிற காப்பீட்டுப் புகார்களுக்கு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணில் பேசலாம். ஐயம் இருப்பின் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை நாடலாம்.

ஆவணங்களைக் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். 2020-ஆம் ஆண்டு பி.எம். கிசான் திட்டத்தில் நடந்த முறைகேடு விழுப்புரம், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட மாவட்டங்களில் வெளிப்பட்டது. இடைத்தரகர்கள் ஆதார், வங்கிக் கணக்கு விவரங்களை வாங்கி, தகுதியற்றவர்களை விவசாயிகளாகப் பதிவு செய்தனர். 110 கோடி ரூபாய்க்கு மேல் முறைகேடாகப் பெறப்பட்டதாக அரசு தெரிவித்தது; சி.பி.சி.ஐ.டி. போலீசார் விசாரித்தனர். உதவித்தொகை கிடைத்ததென்று மகிழ்ந்தவர்களின் கணக்கிலிருந்து அப்பணம் பின்னர் திரும்பப் பெறப்பட்டது. சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல்களைச் சங்கத்திலோ சேவை மையத்திலோ நேரில் கொடுத்து, நகலின் மேல் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்திடுவது நல்ல பழக்கம். ரசீதில் பெயர், சர்வே எண், பயிர், பரப்பு, வங்கிக் கணக்கு எண் ஆகியவை சரியாக உள்ளனவா என்று அங்கேயே பார்த்துக்கொள்ள வேண்டும். இவை சரியாக இருந்தால், இழப்பீட்டைப் பெற்றுத் தருவதாகச் சொல்லும் இடைத்தரகரின் தயவு வேண்டியதில்லை.

ஏமாந்துவிட்டால்

வெட்கப்பட்டு மறைப்பது நட்டத்தைப் பெருக்கும். உடனே 1930 என்ற சைபர் குற்றத் தடுப்பு எண்ணை அழைக்க வேண்டும். பணம் கணக்கு மாறிக் கணக்கு போய் வெளியே எடுக்கப்படுவதற்குள் தெரிவித்தால் அதனை முடக்கி வைக்க வாய்ப்புண்டு. அதே நேரத்தில் வங்கிக்கும் தெரிவித்துக் கணக்கை நிறுத்தி வைக்கச் சொல்ல வேண்டும். வந்த எண், தேதி, நேரம், அனுப்பிய தொகை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்திருந்து, மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். போலிச் செயலியை நிறுவியிருந்தால் கைபேசியின் இணையத் தொடர்பை உடனே துண்டித்து, வேறொரு கைபேசியிலிருந்து வங்கிக்குப் பேச வேண்டும்.

பூச்சி தாக்கிய வயலை மறைக்காமல் பக்கத்து வயல்காரருக்குச் சொல்வதுபோல், இத்தகைய அழைப்பு வந்தால் அக்கம்பக்கத்தாருக்கும், குறிப்பாக வீட்டில் கைபேசி வைத்திருக்கும் முதியோருக்கும் பெண்களுக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும். பயிர்க் காப்பீடு சிறு விவசாயிக்கு அவசியமானது; மோசடிக்கு அஞ்சி அதனைக் கைவிடலாகாது. 14447, 1930 ஆகிய இரண்டு எண்களையும் வங்கி பாஸ்புக்கின் உள்ளட்டையில் எழுதி வைத்துக்கொண்டு, பணம் பற்றிய எதையும் தொலைபேசியில் முடிவு செய்வதில்லை என்ற பழக்கத்தைக் கைக்கொண்டால் உழைத்துச் சேர்த்த பொருளைக் காத்துக்கொள்ளலாம்.