டிராக்டர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியலாமா?

செங்கற்பட்டு மாவட்டம் படூர்ப் பகுதியில், கட்டடங்கள் எழுந்தது போக எஞ்சியுள்ள வயல்களில் சொர்ணவாரிப் பட்டத்துக்குச் சேறு கலக்கும் வேலை சித்திரை வெயிலில்தான் நடைபெறுகிறது. கேஜ் வீல் மாட்டிய டிராக்டர் சேற்றில் மெல்ல நகரும். எஞ்சினுக்குப் பாரம் அதிகம், காற்றோட்டம் குறைவு. அந்த வேளையில் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டால் பலர் கையாளும் கைவைத்தியம் ஒன்று உண்டு. தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் மூடியை மட்டும் முடுக்கி ஓட்டுவார்கள். அன்றைக்கு வேலை நடந்துவிடும். ஆனால் அதற்கான செலவு சில பருவங்கள் கழித்து லைனர், பிஸ்டன், ரிங்கு என்று வந்து சேரும்.

தெர்மோஸ்டாட் என்ன செய்கிறது?

பெரும்பாலான டிராக்டர்களில் சிலிண்டர் ஹெட்டின் முன்புறம், ரேடியேட்டரின் மேல் ஹோஸ் குழாய் வந்து சேரும் இடத்தில் ஓர் உலோக மூடி இருக்கும். அதுவே தெர்மோஸ்டாட் ஹவுசிங். அதற்குள் இருக்கும் சிறிய வால்வின் நடுவே மெழுகு அடைத்த குமிழ் உண்டு. தண்ணீர் சூடேறியதும் மெழுகு உருகிப் பருத்து, ஸ்பிரிங்கை எதிர்த்து வால்வைத் திறக்கும். ஆறியதும் ஸ்பிரிங் அதை மூடிவிடும். திறக்கும் வெப்பநிலை பெரும்பாலும் வால்வின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். 82 டிகிரி சென்டிகிரேடு என்பது சாதாரணமாகக் காணப்படும் அளவு.

வால்வை எடுத்துவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும். டீசல் சரியாக எரியாமல் புகையாகும். எரியாத டீசல் லைனர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, எஞ்சின் ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். தேய்மானம் இங்கேதான் தொடங்குகிறது. இன்னொன்றும் உண்டு. சில எஞ்சின்களில் வால்வு திறக்கும்போதே பக்கவழியையும் அடைக்கும்படி அமைத்திருப்பார்கள். அவற்றில் வால்வை நீக்கினால் சுடுநீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பி, சூடு கூடிவிடவும் இடமுண்டு.

உப்புத் தண்ணீரே முதல் எதிரி

ஒரு பக்கம் முட்டுக்காடு உப்பங்கழி, அதை ஒட்டி பக்கிங்காம் கால்வாய், தெற்கே கேளம்பாக்கம் உப்பளங்கள் என்று அமைந்த கடலோரப் பகுதி இது. இத்தகைய இடங்களில் பல கிணறுகளிலும் ஆழ்துளைக் குழாய்களிலும் உவர்நீரே கிடைக்கிறது. வயலோரம் மோட்டார் இறைக்கும் தண்ணீரைக் குடத்தில் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றுவது எளிது. ஆனால் உப்பு, அலுமினிய ஹவுசிங்கை அம்மை விழுந்ததுபோல் அரித்துவிடும். கடினநீரிலுள்ள சுண்ணாம்பு, வால்வின் மீதும் நீர்வழிகளிலும் பாறையாகப் படியும். ஹவுசிங்கின் அடியில் வெள்ளைப் பொருக்குத் தென்பட்டால் கசிவு தொடங்கிவிட்டது என்று கொள்க.

கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

காலையில் எஞ்சினை ஓட்டி, மின்விசிறியில் கை படாதபடி மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். முதலில் அது குளிர்ந்திருந்து, சிறிது நேரம் கழித்துச் சட்டென்று சூடேற வேண்டும். ஓட்டிய உடனேயே மெல்ல மெல்லச் சூடேறினால் வால்வு திறந்தபடி நின்றுவிட்டது. முள் சிவப்புக்குப் போயும் ஹோஸ் சூடாகாவிட்டால் வால்வு மூடியபடி சிக்கியிருக்கலாம். எனினும் தண்ணீர் குறைவு, தளர்ந்த விசிறி பெல்ட், வைக்கோல் தூசும் சேறும் அடைத்த ரேடியேட்டர் ஆகியவற்றை முதலில் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் குற்றவாளி இவற்றில் ஒன்றே. பழி மட்டும் தெர்மோஸ்டாட் மீது!

கழற்றும் முறை

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். அழுத்த மூடியுள்ள ரேடியேட்டரில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திருகியதும் பீறிட்டு முகத்தில் அடிக்கும். சூடான எஞ்சினில் பச்சைத்தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. ஹெட் வெடித்துவிடும்.

ஹவுசிங் மட்டத்துக்குக் கீழே வரும்வரை தண்ணீரை வாளியில் வடித்துக்கொண்டு, ஹோஸ் கிளிப்பைத் தளர்த்துங்கள். போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். துருப்பிடித்த போல்ட்டை முரட்டுத்தனமாக முறுக்கினால் ஹெட்டுக்குள்ளேயே முறிந்துபோகும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுவது நல்லது. மூடி ஒட்டிக்கொண்டிருந்தால் மரச்சுத்தியால் பக்கவாட்டில் தட்டுங்கள். ஸ்குரூ டிரைவரை நுழைத்து நெம்பினால் அலுமினிய முகப்பில் கீறல் விழும். அந்தக் கீறல் வழியே பிறகு ஒழுகும்.

திறந்த துளையில் துணியைச் செருகிவிட்டுப் பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுங்கள். மூடியின் முகப்பில் இரும்பு ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் வளைவு தெரியும். லேசான மேடுபள்ளமானால், தட்டையான கண்ணாடியின் மேல் எமரித்தாளை விரித்துத் தேய்த்துச் சமப்படுத்தலாம். பேக்கிங் உட்காரும் இடத்தில் ஆழக் குழி விழுந்திருந்தாலோ, சுவர் மெலிந்திருந்தாலோ, காதில் விரிசல் கண்டிருந்தாலோ ஹவுசிங்கையே மாற்றிவிடுங்கள். எம்-சீல் பூச்சு டிராக்டரை வயலிலிருந்து வீடு சேர்க்கத்தான் உதவும். இக்காலக் கார்கள் பலவற்றில் இந்த ஹவுசிங் பிளாஸ்டிக்கால் ஆனது. விரிசல் கண்டால் அதையும் மாற்றுவதே முறை.

அடுப்பில் சோதனை

வால்வு நல்லதா என்று வீட்டிலேயே அறியலாம். அதன் வாயில் நூலைக் கவ்வவைத்து, பாத்திரத் தண்ணீரில் அடி தொடாமல் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். வால்வு திறக்கும்போது நூலிலிருந்து நழுவி விழும். அப்போது வெப்பமானி காட்டும் அளவு, பொறித்த எண்ணுக்கு ஒட்டியதாக இருக்க வேண்டும். தண்ணீர் கொதித்தும் விழாத வால்வு, ஆறியும் மூடாத வால்வு இரண்டுமே உதவா.

திரும்ப மாட்டும்போது மெழுகுக் குமிழ் எஞ்சின் பக்கம் இருக்கட்டும். சிறு காற்றுத்துளை இருந்தால் அது மேலே வரவேண்டும். புதிய பேக்கிங்கை வைத்து, போல்ட்டுகளைச் சமமாக, அளவோடு முடுக்குங்கள். நீரை மெதுவாக நிரப்பி, மூடியைத் திறந்து வைத்தே எஞ்சினை ஓட்டினால் காற்று வெளியேறி மட்டம் இறங்கும். குறைந்ததை நிரப்பி மூடியைப் போடவேண்டும்.

நிரப்புவதற்குக் கிணற்று நீர் வேண்டாம். நம் ஊரில் பனி உறைவதில்லையே, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அரிப்பைத் தடுக்கும் மருந்து அதில் கலந்திருக்கிறது. கடலோரத்தில் அதற்காகவே வாங்கலாம். கையேடு சொல்லும் விகிதத்தில் காய்ச்சி வடித்த நீருடன் கலக்க வேண்டும். உடனே வாங்க முடியாதவர்கள், முதல் மழையைப் போகவிட்டு, சுத்தமான கூரையிலிருந்து பிடித்து வடிகட்டிய மழைநீரைத் தற்காலிகமாக ஊற்றலாம்.

வடித்தெடுத்த பழைய கூலன்டை வாளியோடு களத்தில் விட்டுவிடாதீர்கள். அது இனிக்கும், மாடும் ஆடும் நாயும் ஆசையாகக் குடிக்கும். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரைக் குடிக்கும் நஞ்சு. மூடியுள்ள டப்பாவில் ஊற்றிப் பட்டறையில் ஒப்படையுங்கள்.