அரண்மனைக் கதவுக்கு அப்பால்: ‘த கிரவுன்’ தொடரும் பார்வையாளர் கருத்துகளும்

வரலாற்றில் வாழ்ந்தவர்களைப் பாத்திரங்களாக்கி நாடகம் எழுதுவது புதிய வழக்கமன்று. ஆனால் அவர்களுட் பலர் உயிரோடு இருக்கும்போதே அவர்களது குடும்ப வாழ்வை நாடகமாக்கி உலகெங்கும் காட்டினால் என்ன நிகழும்? அதற்கு அண்மைக்காலத்தில் கிடைத்த மிகத் தெளிவான உதாரணம், பிரித்தானிய அரச குடும்பத்தைப் பற்றிய ‘த கிரவுன்’ என்னும் தொலைக்காட்சித் தொடராகும். உயர்தர வகுப்பில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பயிலும் மாணவி என்ற வகையில், இத்தொடர் பற்றிப் பார்வையாளர் வெளியிட்ட கருத்துகளை வகைப்படுத்தி ஆராய்ந்து, என் முடிவையும் இங்கு முன்வைக்கின்றேன்.

தொடரின் அறிமுகம்

பீற்றர் மோர்கன் உருவாக்கிய இத்தொடர் நெட்பிளிக்ஸ் தளத்தில் 2016 நவம்பர் 4ஆம் திகதி ஆரம்பித்து, 2023 டிசம்பரில் நிறைவுற்றது. ஆறு பாகங்களும் 60 அங்கங்களும் கொண்டது. எலிசபெத் இளவரசியின் 1947ஆம் ஆண்டுத் திருமணத்தில் தொடங்கும் கதை, 2005ஆம் ஆண்டு வரை செல்கின்றது. மகாராணியின் வயது ஏற ஏற நடிகையரும் மாறுகின்றனர். முதலிரு பாகங்களில் கிளெயார் போய், அடுத்த இரண்டில் ஒலிவியா கொல்மன், இறுதி இரண்டில் இமெல்டா ஸ்டோன்டன் ஆகியோர் அப்பாத்திரத்தை ஏற்றனர். 2021ஆம் ஆண்டு எமி விருது விழாவில், நாடகத் தொடர்களுக்குரிய ஏழு முதன்மை விருதுகளையும் நான்காம் பாகம் வென்றது.

இத்தனை புகழ் பெற்ற தொடரைப் பற்றி ஒரே கருத்து நிலவவில்லை. எந்தப் பாகம் அதிகமாகப் பாராட்டப்பட்டதோ, அதே நான்காம் பாகம்தான் மிகப் பெரிய வாதத்தையும் கிளப்பியது.

பாராட்டியோர் கூறுவன

பாராட்டியோர் முதலில் சொல்வது நடிப்பையும் காட்சியமைப்பையும் பற்றியே. அமெரிக்கரான ஜோன் லித்கோ, வின்ஸ்டன் சேர்ச்சிலாக நடித்து எமி விருதும் பெற்றார். மார்கிரட் தட்சராக நடித்த கிலியன் அண்டர்சனின் குரலும் நடையும் பலரை வியக்க வைத்தன.

இரண்டாவது பாராட்டு இன்னும் கனமானது. மறந்துபோன வரலாற்றை இத்தொடர் மீண்டும் பேச வைத்தது என்பதே அது. வேல்ஸ் நாட்டின் அபெர்வான் கிராமத்தில் 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி, நிலக்கரிச் சுரங்கக் கழிவு மேடு சரிந்து பாடசாலையொன்றை மூடியது. 144 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 116 பேர் சிறுவர்கள். மூன்றாம் பாகத்தின் ஓர் அங்கம் முழுவதும் இவ்வனர்த்தத்தைப் பற்றியதே. இதைப் பார்த்துத்தான் அபெர்வான் என்ற பெயரையே அறிந்தோம் என்று கூறிய இளைய பார்வையாளர் பலர். பாடநூலுக்கு அப்பாலுள்ள துயரமொன்றை ஒரு நாடகம் கற்பித்தது என்றால், அது சிறிய சேவையன்று.

குறை கண்டோர் கூறுவன

நான்காம் பாகம் 2020 நவம்பரில் வெளியானதும், அப்போதைய பிரித்தானியக் கலாசார அமைச்சர் ஒலிவர் டவுடன் ஒரு கோரிக்கையை விடுத்தார். ஒவ்வோர் அங்கத்தின் தொடக்கத்திலும் இது கற்பனை என்ற அறிவித்தல் இடம்பெற வேண்டும். அக்காலத்தில் வாழ்ந்திராத தலைமுறை, கற்பனையை உண்மையென எடுத்துக்கொள்ளும் என்பது அவரது அச்சம். இது நாடகம் என்பதைத் தமது பார்வையாளர் அறிவார்கள், அறிவித்தல் அவசியமில்லை என்று நெட்பிளிக்ஸ் பதிலளித்தது.

2022 ஒக்டோபரில் புகழ்பெற்ற நடிகை ஜூடி டென்ச், ‘த டைம்ஸ்’ பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் அதே கோரிக்கையை வலியுறுத்தினார். கதை நிகழ்காலத்தை நெருங்க நெருங்க உண்மைக்கும் கற்பனைக்கும் இடையிலான கோடு அழிகின்றது என்பது அவரது வாதம். அதன் பின்னர், ஐந்தாம் பாகத்தின் முன்னோட்டத்தோடு இணையத்தில் இட்ட குறிப்பில், உண்மைச் சம்பவங்களைத் தழுவிய கற்பனை நாடகம் என்று நெட்பிளிக்ஸ் குறிப்பிட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அக்குடும்பத்திலேயே பிறந்த இளவரசர் ஹரி, 2021இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், தன்னையும் தன் குடும்பத்தையும் பற்றிப் பத்திரிகைகள் எழுதுவதை விட இத்தொடர் தனக்குச் சங்கடம் குறைந்தது என்ற பொருளில் பேசினார். நாடகம் தன்னை நாடகமென்றே சொல்கின்றது. பத்திரிகைகளோ எழுதுவதைச் செய்தி என்கின்றன என்பதே அவர் கூறியதன் சாரம்.

கற்பனையின் மூன்று வகைகள்

இவ்விரு தரப்பையும் வாசித்தபோது, ‘கற்பனை’ என்ற ஒரே சொல்லால் எல்லோரும் வெவ்வேறு விடயங்களைக் குறிப்பதை அவதானித்தேன். எனவே தொடரில் உள்ள கற்பனைகளை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, கற்பனை மனிதர். 1952 டிசம்பர் 5ஆம் திகதி முதல் 9ஆம் திகதி வரை இலண்டன் நகரை நச்சுப் புகைமூட்டம் மூடியது. ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக அக்காலத்தில் மதிப்பிடப்பட்டது. பிற்கால ஆய்வுகள் 12,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்கின்றன. முதற்பாகத்தில் இதைக் காட்டும் அங்கத்தில், சேர்ச்சிலின் அலுவலகத்தில் பணியாற்றும் வெனீஷியா ஸ்கொட் என்ற இளம்பெண் புகைமூட்டத்தில் பஸ் மோதி இறக்கிறாள். அப்படியொரு பெண் இருந்ததில்லை. ஆயினும் ஆயிரம் என்ற எண்ணுக்குள் மறைந்துபோகும் துயரத்துக்கு அவள் ஒரு முகத்தைக் கொடுக்கிறாள். இக்கற்பனையால் எவரது பெயரும் கெடவில்லை.

இரண்டாவது, கற்பனைப் பேச்சு. 1982 ஜூலை 9ஆம் திகதி அதிகாலை, மைக்கல் பேகன் என்பவர் பக்கிங்ஹாம் மாளிகைக்குள் நுழைந்து மகாராணியின் படுக்கையறை வரை சென்றார். இது நடந்த உண்மை. தொடரில் அவர் கட்டிலருகே அமர்ந்து, வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றி நீண்ட நேரம் மகாராணியுடன் பேசுகிறார். ஆனால் பேகனே பின்னர் அளித்த செவ்வியில், மகாராணி உடனே அறையை விட்டு வெளியேறிவிட்டார் என்றார். அந்நாட்களில் பிரித்தானியாவில் 30 இலட்சம் பேருக்கு மேல் வேலையின்றி இருந்தமை உண்மை. அவ்வுண்மையைச் சொல்ல எழுத்தாளர் ஒரு பொய்யான உரையாடலைக் கருவியாக்கினார். இது நாடகத்தின் பழைய உரிமை என்பேன். ஆனால் பார்ப்பவர், நடந்ததையும் சொல்லப்பட்டதையும் பிரித்தறிய வேண்டும்.

மூன்றாவது, கற்பனைக் குற்றச்சாட்டு. ஐந்தாம் பாகத்தின் தொடக்கத்தில், 1991ஆம் ஆண்டு இளவரசர் சார்ள்ஸ், தாயார் ஆட்சியிலிருந்து விலக வேண்டும் என்ற எண்ணத்தைப் பிரதமர் ஜோன் மேஜரிடம் சாடையாகத் தெரிவிப்பதாகக் காட்சி வருகின்றது. அப்படியொரு பேச்சு நடக்கவேயில்லை, இது முழுப் புனைவு என்று மேஜர் தரப்பு வன்மையாக மறுத்தது. இங்கு கற்பனை, உயிரோடுள்ள ஒருவர் மீது, தாய்க்கு எதிராக நடந்தார் என்ற பழியைச் சுமத்துகின்றது. அவரோ அரச மரபின்படி, நாடகத்துக்கு மறுமொழி சொல்ல முடியாதவர்.

அபெர்வான் அங்கத்திலும் இத்தகைய ஓரிடம் உண்டு. அனர்த்தம் நடந்து எட்டாவது நாளே மகாராணி அக்கிராமத்துக்குச் சென்றார் என்பது வரலாறு. அங்கு அவர் கண்ணீர் வராத கண்ணைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொள்வதாகத் தொடர் காட்டுகின்றது. பின்னர் தனிமையில் இருக்கும்போதே ஒரு துளி வழிகின்றது. அன்று அங்கிருந்த சிலரோ, அவர் கண்கலங்கியதைக் கண்டதாகக் கூறியுள்ளனர். தாமதமாகச் சென்றார் என்பது பதிவில் உள்ள செய்தி. அழவில்லை என்பது எழுத்தாளர் வழங்கிய தீர்ப்பு. பார்த்தவர் மனதில் தங்குவது இரண்டாவதுதான்.

ஆவணமும் பிழைக்கலாம்

நாடகம் பொய், ஆவண நிகழ்ச்சி மெய் என்று எளிதாக முடிக்கவும் இயலாது. 1995 நவம்பரில் பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சியில் டயானா இளவரசி அளித்த செவ்வியை உலகமே பார்த்தது. அச்செவ்வியைப் பெறுவதற்காகப் போலி வங்கி ஆவணங்கள் தயாரிக்கப்பட்டு, ஏமாற்று வழி கையாளப்பட்டது என்பதை 2021இல் வெளியான விசாரணை அறிக்கை உறுதிப்படுத்தியது. பிபிசி மன்னிப்புக் கோரியது. டயானா சொன்னவை அவரது சொற்களே. அவரைச் சொல்ல வைத்த வழி வஞ்சகமானது. ஐந்தாம் பாகம் இக்கதையையும் காட்டுகின்றது. ஆகவே, எதைப் பார்த்தாலும், இது எவ்வாறு பெறப்பட்டது என்ற கேள்வியை நாம் கைவிடலாகாது.

எமது நாடும் எம் வீட்டுப் பார்வையாளரும்

இக்கதை எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1952 பெப்ரவரி 6ஆம் திகதி தந்தை இறந்த வேளை, எலிசபெத் கென்யாவில் இருந்தார். அங்கிருந்து இலங்கை, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளுக்குச் செல்வதே அவரது பயணத்திட்டம். அன்று முதல், நாடு குடியரசான 1972 மே 22 வரை அவர் இலங்கையின் மகாராணியாகவும் இருந்தார். 1954 ஏப்ரலில் இங்கு வந்தபோது, தமது முடிசூட்டு விழா ஆடையை அணிந்தே பாராளுமன்ற அமர்வைத் தொடக்கி வைத்தார். அவ்வாடையில் இலங்கைக்காகத் தாமரைப் பூவும் பின்னப்பட்டிருந்தது. அந்நீண்ட பயணத்தைக் காட்டும் அங்கத்தில் அவுஸ்திரேலியாவே பெரும்பங்கு பெறுகின்றது. எமது நாடு கதையாகவில்லை. எதைக் காட்டுவது என்பதைப் போலவே எதை விடுவது என்பதும் எழுத்தாளரின் தெரிவே.

எனது ராத்தா நான்காம் பாகத்தைப் பார்த்துவிட்டு டயானா பக்கமே நின்று வாதாடினார். நிச்சயதார்த்தத்தின்போது டயானாவுக்கு வயது 19. திருமணத்துக்கு முன்னரே அரண்மனைக்கு வந்து, பேச ஆளின்றித் தனித்திருப்பதாகத் தொடர் காட்டுகின்றது. உம்மாவோ வேறு கோணத்தில் பார்த்தார். “நம்மட ஊர்ல மாப்பிள்ளதான் பொண் வீட்டுக்கு வாற. இந்தப் புள்ளைக்குப் பக்கத்துல உம்மாவும் இல்ல, ராத்தாவும் இல்ல. மாளிகை இருந்து என்ன செய்ய?” என்றார். விமர்சகர் எவரும் சொல்லாத இக்கருத்து, கிழக்கிலங்கைத் தாயொருவரின் வாழ்விலிருந்து பிறந்தது. பார்வையாளர் தத்தம் வாழ்வைக் கொண்டே திரையை வாசிக்கின்றனர் என்று பாடத்தில் படித்ததன் பொருள் அன்று விளங்கியது.

1954இல் கொழும்பில் தாய்மாமன் வீட்டில் தங்கியிருந்த என் மூத்தம்மா, வீதியோரம் நின்று மகாராணியைப் பார்த்தவர். “உண்மையிலயே எப்படி இருந்தாங்க மூத்தம்மா?” என்று கேட்டேன். “நான் கண்டது ஒரு தொப்பியும் அசஞ்ச கையும்தான் மகள். மத்ததெல்லாம் சனம் சொன்ன கத” என்றார். நேரில் கண்டவரே தாம் கண்டதற்கு எல்லை வகுத்துக்கொள்கின்றார். திரையில் மட்டும் பார்த்த நாமோ, அரச குடும்பத்தின் அந்தரங்கம் முழுவதும் அறிந்தவர்களைப் போலத் தீர்ப்புச் சொல்கின்றோம்.

நாம் எவ்வாறு பார்க்க வேண்டும்?

இத்தகைய தொடர்களைப் பார்க்கும் சகோதர மாணவிகள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது பயன் தரும்.

1. இக்காட்சி பலரறிய நடந்ததா, மூடிய கதவுக்குப் பின்னால் நடந்ததா? திகதியும் இடமும் பதிவில் இருக்கலாம். அறைக்குள் பேசப்பட்டது பெரும்பாலும் எழுத்தாளரின் பேனாவிலிருந்து வந்ததே.

2. இக்கற்பனை எந்த வகையைச் சேர்ந்தது? துயரத்துக்கு முகம் தருகின்றதா, காலத்தின் நிலையைப் பேசுகின்றதா, ஒருவர் மீது பழி சுமத்துகின்றதா?

3. பழி சுமத்தப்பட்டவரால் பதில் சொல்ல முடியுமா? இறந்தவராலும், மரபினால் வாய் மூடியவராலும் இயலாது. அவர்களைப் பற்றிப் பேசும்போது எமது நாவுக்குக் கூடுதல் கட்டுப்பாடு வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இத்தொடர் சிறுவருக்கானதன்று. டயானாவின் உணவு சார்ந்த நோயைக் காட்டும் அங்கங்களின் தொடக்கத்தில், தயாரிப்பாளரே எச்சரிக்கை இட்டுள்ளனர். வளர்ந்த பிள்ளைகள் பார்ப்பதாயின், பிள்ளையைத் தனியே விடாமல் உடனிருந்து பார்த்துக் கலந்துரையாடுவதே சிறந்தது. என் உம்மாவும் ராத்தாவும் வாதாடியதில் நான் கற்றது, தனியே பார்த்திருந்தால் கிடைத்திராது.

முடிவுரை

அறிவித்தல் இட வேண்டும் என்போரின் கோரிக்கை நியாயமானதே என்பது என் கருத்து. ஆனால் அது போதாது. திரையில் ஐந்து விநாடி தோன்றி மறையும் ஒரு வரியை, ஒரு மணி நேரக் காட்சி எளிதில் வென்றுவிடும். உண்மையான காவல் பார்ப்பவரின் அறிவிலேயே உள்ளது. அபெர்வான் சிறுவர்களை எமக்கு நினைவூட்டியதற்காக இத்தொடருக்கு நன்றி சொல்லலாம். ஆனால் அங்கு சென்ற பெண்ணின் இதயத்தில் என்ன இருந்தது என்பதை, நாடகம் பார்த்து நாம் தீர்மானிக்க முடியாது. அரச குடும்பமானாலும் அயல்வீட்டுக் குடும்பமானாலும், மூடிய கதவுக்கு அப்பால் நடந்ததைக் காணாதவர் காணாதவராகவே பேசுவதுதான் நீதி.