முற்றுகைக்குள் வாங்கிய காணி

காணி உறுதி முடிக்கும் காட்சி ஒன்று வேதாகமத்தில் விரிவாக எழுதப்பட்டிருக்கிறது என்றால் நம்மில் பலர் வியப்படைவர். எரேமியா ஆகமத்தின் 32ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். விலை, தராசு, சாட்சிகள், முத்திரை, இரண்டு பிரதிகள், அவற்றைப் பத்திரப்படுத்திய பாத்திரம் என்று நொத்தாரிசு ஒருவர் எழுதி வைத்தாற்போல எல்லாம் அங்கே உண்டு. துன்பகாலத்தில் இறைவனுடைய பிரமாணிக்கத்தை எப்படி நம்புவது என்று கேட்கும் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல பாடம் பழைய ஏற்பாட்டில் அரிது.

காலத்தை முதலில் கவனியுங்கள். யூதாவின் அரசன் செதேக்கியா ஆட்சியின் 10ஆம் ஆண்டு. பாபிலோனியப் படை எருசலேமைச் சூழ்ந்து, மதிலைப் பிடிக்க மண்மேடுகளை எழுப்பிவிட்டது. நகருக்குள்ளே பஞ்சமும் கொள்ளைநோயும். எரேமியாவோ காவற்கூட முற்றத்தில் கைதி. நகரம் விழும் என்று ஒளிக்காமல் சொன்னதே அவர் செய்த குற்றம். இந்த வேளையில் அவருடைய தந்தையின் சகோதரன் மகன் கனமேல் வந்து, அனத்தோத்து ஊரிலுள்ள தன் நிலத்தை வாங்கும்படி கேட்கிறான். உறவினன் விற்கும் நிலம் பிறத்தியார் கைக்குப் போகாமல் நெருங்கிய இனத்தவன் மீட்கவேண்டும் என்பது லேவியர் ஆகமம் 25ஆம் அதிகாரத்துச் சட்டம். காணி விற்கும்போது பங்காளியை முதலில் கேட்கவேண்டும் என்ற தேசவழமையில் வளர்ந்த நமக்கு இது விளங்காத சங்கதியல்ல.

அனத்தோத்து எருசலேமுக்கு வடகிழக்கே சுமார் 3 மைல் தூரம். அந்தப் பக்கமெல்லாம் பகைவர் படை. போதாததற்கு, அனத்தோத்து ஊரவர் முன்பொருமுறை எரேமியாவின் உயிருக்கே சதி செய்தவர்கள் (11ஆம் அதிகாரம்). கால் வைக்க முடியாத நிலம், கைவிட்ட ஊர், வாங்குபவர் சிறையில். உலக ஞானமுள்ள எவனும் அதற்குச் சல்லிக்காசு கொடுத்திருக்க மாட்டான்.

எரேமியா கொடுத்தார். 17 செக்கேல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். நம் கணக்கில் 200 கிராமுக்குச் சற்றுக் குறைவு. சாட்சிகள் ஒப்பமிட்டார்கள். முத்திரையிட்ட பிரதி, திறந்த பிரதி இரண்டையும் எழுத்தர் பாரூக்கிடம் ஒப்படைத்து, நெடுநாள் கெடாதிருக்க மண்சாடியில் வைக்கச் சொன்னார். அக்காலத்தவர் ஏடுகளைக் காத்த முறை அது. சாக்கடலருகே கும்ரான் குகைகளில் 1947 தொடக்கம் கண்டெடுக்கப்பட்ட ஏடுகளிற் சில, சாடிகளுக்குள்ளேயே இரண்டாயிரம் ஆண்டு கிடந்தன.

இனி நாம் நின்று நிதானிக்க வேண்டிய இடம். உறுதி முடிந்தபின் எரேமியா செபிக்கிறார், அச்செபம் தடுமாறுகிறது. வானத்தையும் பூமியையும் படைத்தவரைப் புகழ்ந்து தொடங்கியவர், கடைசியில் வந்து நிற்பது ஒரு திகைப்பில்: மண்மேடுகள் எழும்பிவிட்டன, நகரம் போகப்போகிறது, இப்போது போய் நிலம் வாங்கச் சொன்னீரே ஆண்டவரே! பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். துன்பப்படும் வீட்டுக்குப் போய், “எல்லாம் நன்மைக்குத்தான்” என்று அவசரமாக ஆறுதல் சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துவரும் நம்மவர்கள் இந்த மன்றாட்டை ஒருமுறை வாசித்தால் நல்லது. நம்பிக்கையுள்ளவன் திகைக்கக் கூடாதென்று திருநூல் எங்கும் கட்டளையிடவில்லை.

இறைவன் தந்த மறுமொழியும் இலகுவானதல்ல. முற்றுகை நீங்கும் என்று அவர் சொல்லவில்லை. நகரம் எரியும் என்றே சொன்னார். அதற்குப் பின் சிதறியவர்களைக் கூட்டிச்சேர்ப்பேன், இந்நாட்டில் மீண்டும் நிலம் வாங்குவார்கள், உறுதி எழுதுவார்கள், சாட்சி வைப்பார்கள் என்றார். இதற்குச் சில ஆண்டுகள் முன்பு அனனியா என்றொருவன், இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று கூறி மக்களின் கைதட்டலைப் பெற்றிருந்தான். எரேமியாவோ பாபிலோனில் இருந்தவர்களுக்கு, வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், 70 வருடமாகும் என்று கடிதம் எழுதினார். யாருடைய வார்த்தை இனித்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

செபமுடிவில் நாம் சொல்லும் ‘ஆமென்’ என்ற எபிரேயச் சொல்லுக்கும், இறைவனின் பிரமாணிக்கத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லுக்கும் வேர் ஒன்றே. அசையாதது, உறுதியானது என்பது அதன் கருத்து. காணிப் பத்திரத்தை ‘உறுதி’ என்றே அழைக்கும் நம் பேச்சு வழக்கில் இது எத்தனை அழகாகப் பொருந்துகிறது!

1990இல் வலிகாமம் வடக்கைவிட்டு வெளியேறியவர்களும், 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவில் நாவற்குழிப் பக்கம் நடந்தவர்களும் கையில் எடுத்த சொற்பப் பொருட்களுள் உறுதிக்கட்டும் இருந்தது. எத்தனையோ வீடுகளில் மாதா படத்தோடு ஒரே பையில் அது சென்றது. 1992இல் இடம்பெயர்ந்த இரணைதீவு மக்கள், 2017இல் தொடர் போராட்டம் நடத்தி, 2018 ஏப்ரலில் தங்கள் வள்ளங்களிலேயே தீவுக்குப் போய் இறங்கினார்கள். எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. உறுதி கைவசமிருந்தும் வளவைக் காணாமலே கண்மூடிய பெரியோர் நம் பங்குகளில் பலர்.

எரேமியாவும் அந்த வரிசையில் சேர்ந்தவர்தான். கி.மு. 587இல் நகரம் விழுந்தபின், விருப்பமின்றியே எகிப்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். வாங்கிய நிலத்தில் அவர் ஒரு பிடி தானியமும் விதைத்ததாகத் திருநூலில் இல்லை. ஆனால் பாரசீக அரசன் சைரஸ் கி.மு. 538இல் அனுமதி கொடுத்தபின் திரும்பியவர்களின் இடாப்பு எஸ்ரா ஆகமம் 2ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஊர் ஊராகப் பேர்க்கணக்கு. வாசிக்கச் சலிப்புத் தட்டும் பக்கம் என்று நாம் தாண்டிப்போகும் அதிகாரம் அது. அதன் 23ஆம் வசனத்தில் விரலை வைத்துப் பாருங்கள்: அனத்தோத்து ஊரவர் 128 பேர்.