பழைய சுழியோடிக் கருவிகள்: மீண்டும் பாவிக்கலாமா?

காணியை விட்டு வந்து கரையோரத்தில் தங்கியிருக்கும் குடும்பங்களில், தோட்டவேலை கிடைக்காத மாதங்களில் பிள்ளைகள் கடலுக்குப் போவது புதிதல்ல. வடக்கில் கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்குகிறவர்களில் பலர் காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டே இறங்குகிறார்கள். புதிதாக ஒரு தொகுதி வாங்குவது ஏழைக் குடும்பத்துக்கு இயலாத காரியம். ஆகவே எங்கோ மூலையில் கிடந்த பழைய சிலிண்டரும் குழாய்களும் வீட்டுக்கு வந்து சேர்கின்றன. “பத்து வருசமாய் ஒருத்தரும் தொடேல்லை, புதுசு மாதிரித்தான் கிடக்கு” என்று கொடுப்பவர் சொல்லுவார். அந்தச் சொல்லை எவ்வளவுக்கு நம்பலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். கடலில் இறங்குகிறவருக்கு மட்டுமல்ல, மகனைப் போகவிடுவதா என்று யோசிக்கும் தாய் தகப்பனுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

இடம்பெயர்ந்து போய், சில வருடங்களின் பின் திரும்பி வந்து, நீரிறைக்கும் இயந்திரத்தின் கயிற்றை இழுத்துப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாடத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். இரும்பு அப்படியே இருக்கும். வாசர் காய்ந்து வெடித்திருக்கும். எண்ணெய் பிசினாக உறைந்திருக்கும். பாவிக்காததால் அது தேயவில்லை, ஆனால் பழுதாகிவிட்டது. இயந்திரம் வேலை செய்யாவிட்டால் ஒருநாள் இறைப்புத் தவறும், அவ்வளவுதான். கடலுக்கடியில் ஆறு பாகத்தில் காற்று நின்றால் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது.

சிலிண்டர்

கார் ரயரில் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 30 இறாத்தல் அமுக்கத்தில் காற்று ஏற்றுகிறோம். சுழியோடிச் சிலிண்டரில் ஏற்றுவது ஏறக்குறைய 3000 இறாத்தல், அதாவது நூறு மடங்கு. ரயர் வெடித்தாலே பக்கத்தில் நிற்பவர் காயப்படுகிறார். சிலிண்டர் வெடிப்பது பெரும்பாலும் காற்று நிரப்பும்போதுதான். அப்போது அருகில் நிற்பவர் சுழியோடியாக இருக்கவேண்டும் என்றில்லை. நிரப்பிக் கொடுக்கும் கூலிக்காரப் பொடியனாகவும் இருக்கலாம்.

ஆகவே முதலில் சிலிண்டரின் தோளைப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே உள்ள வளைவில் எழுத்துகளும் எண்களும் குத்தப்பட்டிருக்கும். பெயின்ற் மூடியிருந்தால் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். செய்யப்பட்ட மாதமும் வருடமும் அதில் இருக்கும். அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொரு அமுக்கச் சோதனையின் திகதியும் பக்கத்தில் குத்தப்பட்டிருக்க வேண்டும். பல நாடுகளில் இந்தச் சோதனை 5 வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம். உட்புறத்தை விளக்குப் போட்டுப் பார்ப்பது அதைவிட அடிக்கடி, சில இடங்களில் வருடம் ஒருமுறை, நடக்கிறது. கடைசித் திகதி 5 வருடத்தைத் தாண்டியிருந்தால், சிலிண்டர் எவ்வளவு மினுங்கினாலும், சோதிக்கும்வரை அதில் காற்று ஏற்றக்கூடாது.

சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் அதற்குக் கொடுக்கும் காசு வீண் என்று தோன்றாது. சிலிண்டரை நீரால் நிரப்பி, நீர் நிறைந்த ஒரு பெட்டிக்குள் இறக்கி, வழமையான அமுக்கத்தைவிட ஒன்றரை மடங்கு அல்லது அதற்கும் மேலாக அமுக்குவார்கள். உலோகம் சற்று விரியும். அமுக்கத்தை எடுத்ததும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். நல்ல உலோகம் திரும்பும். களைத்துப்போன உலோகம் திரும்பாது. காற்றுக்குப் பதிலாக நீரை எடுப்பதற்கும் காரணம் உண்டு. நீர் சுருங்குவது மிகக் குறைவு. எனவே சோதனையில் சிலிண்டர் பிளந்தாலும் குண்டுபோல் வெடிக்காது.

அலுமினியச் சிலிண்டர்களில் ஒரு தனி விடயம் உண்டு. 1988ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்டவற்றில் பல, 6351 என்ற எண்ணுள்ள கலவையால் ஆனவை. அந்தக் கலவையில், நிரப்பிய அமுக்கம் நெடுநாள் இருக்கும்போது, கழுத்துப் புரியில் மெல்லிய வெடிப்புகள் வருவது பின்னர் தெரிய வந்தது. இவற்றைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவுசெய்ய முடியாது. கழுத்துக்கென்று தனியான மின்சோதனை உண்டு. நிரப்பும் நிலையங்கள் சில அந்த வயதுச் சிலிண்டர்களை ஏற்பதே இல்லை. 1990க்கு முந்திய அலுமினியச் சிலிண்டரை யாராவது இலவசமாகத் தந்தாலும் யோசிக்க வேண்டும் என்பதே எமது எண்ணம்.

போரில் எரிந்த வீட்டிலோ கொட்டிலிலோ கிடந்த சிலிண்டர் என்றால் சோதனைக்கே கொண்டுபோக வேண்டாம். அலுமினியம் ஏறக்குறைய 175 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால் அதன் பலம் குறைந்துவிடும். வெளியே கருகல் இல்லாமலும் இருக்கலாம். புதிய பெயின்ற் அடித்திருக்கலாம். பெயின்ற் கொப்புளித்திருந்தாலும், வால்விலுள்ள பிளாஸ்டிக் உருகியிருந்தாலும் தள்ளிவிடுங்கள். சன்னம் பட்ட பள்ளம் இருந்தாலும் அப்படியே.

இன்னொன்று. மண்ணுக்குள் பாதி புதைந்து கிடக்கும் உருளையான உலோகம் எல்லாம் காற்றுச் சிலிண்டர் அல்ல. அதைத் தோண்டாமல், தட்டாமல், கண்ணிவெடி அகற்றும் பணியாளருக்கோ பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

உள்ளே இருக்கும் காற்று

“உள்ளுக்கை இன்னும் காத்துக் கிடக்கு” என்று மகிழ்ச்சியோடு சொல்வார்கள். அந்தக் காற்றைத்தான் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும். உருக்குச் சிலிண்டருக்குள் சிறிது ஈரம், அதிலும் உப்புநீர், போயிருந்தால் உட்சுவர் துருப்பிடிக்கும். துருப்பிடித்தல் என்பது இரும்பு ஒட்சிசனை எடுத்துக்கொள்வதுதான். மண்வெட்டி வெளியில் துருப்பிடித்தால் உலகத்துக் காற்றெல்லாம் அதற்கு உண்டு. மூடிய சிலிண்டருக்குள் இருப்பதோ அளவான காற்று. நல்ல காற்றில் 21 வீதம் ஒட்சிசன் உண்டு. வருடக்கணக்கில் ஈரத்தோடு கிடந்த உருக்குச் சிலிண்டரில் அது ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடலாம். 10 வீதத்துக்குக் கீழே போனால் மூச்சுத் திணறல்கூடத் தெரியாமல் மனிதன் மயங்கி விழுவான். அந்தக் காற்றுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

பழைய காற்றை வெளியேற்றுங்கள். திறந்த வெளியில், வால்வின் வாயை ஆட்களுக்கு எதிர்ப்புறமாகத் திருப்பி, மெல்லத் திறந்து முழுவதும் போகவிடுங்கள். வெள்ளைப் புகார் வந்தால் உள்ளே ஈரம் இருக்கலாம். சத்தம் நின்றபின் மெல்ல ஆட்டிப் பாருங்கள். துருத்தூள் கிலுங்கினால் உட்புறம் அரித்துவிட்டது. ஆனால் வால்வை நீங்களே கழற்ற முயல வேண்டாம். உப்பு அடைத்த வால்வு திறக்காமல் நின்றுகொண்டு, காலியென்று நம்ப வைக்கும். அமுக்கம் உள்ள சிலிண்டரிலிருந்து கழரும் வால்வு துவக்குச் சன்னம்போல் பறக்கும்.

மூச்சுக் கருவி

கூடுதலான பேர் ஏமாறுவது இங்கேதான். சிலிண்டரின் 3000 இறாத்தல் காற்று நேரே வாய்க்கு வருவதில்லை. சிலிண்டர் வாயில் பூட்டும் முதற்பகுதி அதை ஏறக்குறைய 140 இறாத்தலுக்குக் குறைக்கிறது. வாயில் கவ்வும் இரண்டாம் பகுதி, மூச்சு இழுக்கும்போது மட்டும், சூழவுள்ள நீரின் அமுக்கத்துக்கு ஏற்பக் காற்றைத் தருகிறது. இந்த வேலையெல்லாம் மெல்லிய றப்பர் வளையங்களாலும் சவ்வாலும் சின்ன வில்லுகளாலும் நடக்கிறது. பாவிக்காமல் கிடந்தால் றப்பர் விறைக்கும், உப்பு பளிங்காகும், பித்தளை களிம்பு பிடிக்கும். இவற்றுக்கு வருடம் ஒருமுறை அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, தயாரித்தவர் சொன்னபடி, கழற்றிக் கழுவி றப்பர் மாற்ற வேண்டும். பாவிக்காத வருடங்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கரையில் நின்று வாயில் வைத்து இரண்டு மூச்சு இழுத்து, “நல்லாய் வருது” என்பது சோதனையல்ல. 10 மீற்றர் ஆழத்தில், அதாவது ஐந்தரைப் பாகத்தில், அமுக்கம் இரு மடங்கு. 20 மீற்றரில் மூன்று மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் அத்தனை மடங்கு காற்று அந்தச் சிறு துவாரங்களால் வரவேண்டும். பாதி அடைத்த வடி கரையில் தாராளமாகத் தரும். ஆழத்தில், அதுவும் பாரம் இழுத்துக் களைத்தபோது, தராது. அந்த வடியை முதற்பகுதியின் வாயில் பார்க்கலாம். செம்மையாக இருந்தால் சிலிண்டரின் துரு வந்திருக்கிறது. பச்சையாக இருந்தால் நீர் போயிருக்கிறது. கருமையாக இருந்தால் நிரப்பிய இயந்திரத்தின் கரி வந்திருக்கிறது.

குழாயை முடிச்சுப்பக்கம் வளைத்துப் பாருங்கள். மேலே போட்டிருக்கும் றப்பர் உறையை விலக்கித்தான் பார்க்க வேண்டும். வெடிப்பு அதற்குள் ஒளிந்திருக்கும். வாய்க்கட்டை கிழிந்திருந்தால் மாற்றுவது மலிவு. அமுக்கமானி காற்று முழுவதும் போனபின்னும் பூச்சியத்துக்கு வராவிட்டால் எறிந்துவிடுங்கள். இல்லாத காற்றை இருப்பதாகக் காட்டும்.

முகக் கண்ணாடி, காற் செட்டை என்பனவற்றில் பெரிய ஆபத்தில்லை. றப்பர் பிசுபிசுத்தால் மாற்றலாம்.

கருவி இடையில் நின்றால் ஏன் உயிர் போகிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முன்பு மன்னாரில் முத்துக் குளித்தவர்கள் மேலே இழுத்த மூச்சோடு இறங்கி அதே மூச்சோடு ஏறினார்கள். சிலிண்டரில் இருந்து 10 மீற்றரில் இழுத்த மூச்சு அப்படியல்ல. அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது நெஞ்சுக்குள் இரு மடங்காக விரியும், சுவாசப்பை கிழியும். பயந்து ஏறுகிறவன் மூச்சை அடக்கவே பார்ப்பான். பழைய கருவி பயத்தை உண்டாக்குகிறது, பயம் மிச்சத்தைச் செய்கிறது. மூட்டு முடங்கும் நோய் வேறு ஒன்று; நல்ல கருவியோடும், ஒரு நாளில் பல சிலிண்டர் முடிப்பவருக்கு அது வரும். அதை இன்னொரு பாடமாகப் பார்க்க வேண்டும்.

எல்லாம் சரியென்று சோதித்த பிறகும் காற்று எங்கே நிரப்புகிறார்கள் என்று கேளுங்கள். எண்ணெயில் ஓடும் இயந்திரத்தின் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் காற்றை உறிஞ்சும் குழாய் இருந்தால், காபனோரொட்சைட்டு சிலிண்டருக்குள் போகும். காற்று வரும் பக்கத்தில் உறிஞ்சும் குழாயும், காற்றடிக்குக் கீழே புகைக்குழாயும் இருக்க வேண்டும். ஒட்டுவேலைக் கடையில் ஒட்சிசன் நிரப்பித் தருகிறோம் என்றால் ஒருபோதும் சம்மதிக்க வேண்டாம். எண்ணெய்ப் பசையுள்ள கருவியில் அது தீப்பிடிக்கும். ஆழத்தில் தூய ஒட்சிசன் வலிப்பை உண்டாக்கும்.

வாங்குமுன் ஒரு கணக்குப் போடுங்கள். கேட்கும் விலையோடு அமுக்கச் சோதனைக்கூலி, றப்பர் மாற்றும் செலவு, புதுக் குழாய், போக்குவரத்து எல்லாவற்றையும் கூட்டுங்கள். சோதனையில் தவறினால் அவ்வளவும் நட்டம். ஆகவே “சோதனையில் தேறினால் காசு” என்று விற்பவரிடம் பேசுங்கள். மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்க அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்தில் விசாரிக்கும்போதே, சிலிண்டரை எங்கே சோதிப்பிக்கலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தவறிய சிலிண்டரை அப்படியே கொட்டிலில் வைக்க வேண்டாம். நாளைக்கு வேறொருவர் அதற்கு நீலப் பெயின்ற் அடித்து விற்பார். முழுக் காற்றையும் வெளியேற்றி, தெரிந்த பட்டறையில் வால்வைக் கழற்றி, கழுத்துப் புரியை அழித்து, உடலில் துளை போடுவியுங்கள். அதன்பின் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கலாம். அலுமினியத்துக்கு நிறைக்கேற்ற விலை கிடைக்கும். அடிப்பக்கத்தை வெட்டிக் கட்டித் தொங்கவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நல்ல மணியும் ஆகும்.