தூக்கமா? கந்து வட்டியா?



“தூக்கம் வரலையா மச்சி? ஒரு இழுப்பு இழு, பொணம் மாதிரி தூங்குவ!” செங்கல்பட்டு விடுதி அறையிலும், மறைமலை நகர்ப் பக்கம் தொழிற்பயிற்சிக்குப் போய்த் தங்கும் அறையிலும், மாமல்லபுரம் கடற்கரையிலும் இந்த வசனம் நம் காதில் விழத்தான் செய்கிறது. கஞ்சா உண்மையில் தூக்கம் தருமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் ஆபத்து!

உள்ளே என்ன இருக்கிறது?

கஞ்சாச் செடியில் கன்னாபினாய்டு என்னும் வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல் உள்ளன. முக்கியமானவை இரண்டு. போதை தருவது டி.எச்.சி.; போதை தராதது சி.பி.டி. 1964-ல் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகள் ரபேல் மெக்கூலமும் யெகியேல் கவோனியும் டி.எச்.சி.யைத் தனியே பிரித்து அதன் அமைப்பைக் கண்டறிந்தனர். 1992-ல் மெக்கூலத்தின் ஆய்வுக்கூடத்தில் இன்னொரு வியப்பு! இதே வேலையைச் செய்யும் ஒரு பொருளை நம் மூளையே சுரக்கிறது. அதற்கு ‘ஆனந்தமைடு’ என்று பெயர் வைத்தார்கள். ஆம், நம்ம ‘ஆனந்தம்’தான்!

ஆக, பூட்டு நம் மூளையிலேயே இருக்கிறது. ஆனந்தமைடு அசல் சாவி. வேலை முடிந்ததும் விரைவில் சிதைந்துவிடும். டி.எச்.சி. கள்ளச்சாவி, அது உடல் கொழுப்பில் தங்கி, நாள் கணக்கில் மெல்ல வெளியேறும்.

தூக்கத்தை என்ன செய்கிறது?

நம் தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக, இரவுக்கு நாலைந்து முறை நடக்கிறது. இவற்றில் ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் உண்டு. பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பது இவற்றில்தான். டி.எச்.சி. தொடக்கத்தில் சீக்கிரம் தூங்க வைக்கும். ஆனால் கனவுத் தூக்கத்தைக் குறைக்கும். தினமும் இழுத்தால் மூளை பூட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் கொள்கிறது. அப்புறம் பழைய அளவு பத்தாது.

என்னோடு பயிற்சிக்கு வந்த நண்பன் ஒருவன். (அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) இரவு ஷிப்ட். பகலில் தகரக் கூரை அறையில் தூக்கம் வரவில்லை. யாரோ கொடுத்த பொட்டலத்தில் ஆரம்பித்து, நாலு மாதம் ஓடியது. வீட்டுக்குத் தெரிந்ததும் ஒரே நாளில் நிறுத்தினான். மூன்று நாள் கண் மூடவில்லை. வேர்வை, எரிச்சல், மூடினால் பயங்கரக் கனவு. “பாத்தியாடா, அது இல்லாம எனக்குத் தூக்கமே கிடையாது” என்று மறுபடி கிளம்பினான்.

நண்பர்களே, இந்த இடத்தில்தான் பலர் மாட்டிக் கொள்கிறார்கள். அந்தத் தூக்கமின்மை அவன் பிறவிக் குணம் அல்ல. கஞ்சாவை விட்டதால் வரும் விளைவு. கந்து வட்டிக்காரனிடம் வாங்கியவன் வட்டி கட்ட அவனிடமே மறுபடி கடன் கேட்பதில்லையா, அதே கதை! விட்ட ஓரிரு நாளில் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தணியும். தூக்கக் கோளாறு மட்டும் ஒரு மாதம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் இழுக்கலாம். மருத்துவர் இதைச் சொன்ன பிறகு நண்பன் காலண்டரில் நாளை எண்ணினான். இரண்டாம் வாரம் நாலு மணி நேரம் தூங்கினான். இப்போது நன்றாகவே தூங்குகிறான்.

“சித்தர் மருந்துதானே?”

சித்த மருத்துவத்தில் கஞ்சா உண்டு. சுத்தி செய்து, அளவோடு, மற்ற சரக்குகளுடன் சேர்த்துத் தருவார்கள். சுத்திகரித்த சி.பி.டி.யை 2018-ல் அமெரிக்கா மருந்தாக அங்கீகரித்தது. அதுவும் சில அரிய வலிப்பு நோய்களுக்கு. பொட்டலப் புகைக்கு இந்தப் பெருமை எதுவும் சேராது. புகையில் தார் உண்டு. நாள்பட்ட இருமலும் சளியும் வரும். மூளை 25 வயது வரை வளர்கிறது. இளவயதில் அதிகம் பிடிப்பவர்களுக்கு மனச்சிதைவு அபாயம் கூடுகிறது. கை கண் ஒத்துழைப்பு தளர்ந்தவன் லேத் முன் நின்றால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லவும் வேண்டுமா?

சட்டமும் வழியும்

1985-ம் ஆண்டுச் சட்டப்படி ஒரு கிலோ வரை ‘சிறிய அளவு’தான். ஆனால் அதற்கே ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு வழக்கில் சிக்கிய அடிமையானவர் தாமே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்கும் தருகிறது. 2019-ல் வெளியான மத்திய அரசின் ஆய்வு, கஞ்சாப் பழக்கத்துக்கு உதவி தேவைப்படுவோர் நாட்டில் சுமார் 72 லட்சம் என்கிறது. எனவே வெட்கப்பட ஒன்றுமில்லை. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்குக் கட்டணமும் இல்லை.

இரவு ஷிப்ட் நண்பர்களுக்கு: ஷிப்டின் பின்பாதியில் டீ வேண்டாம். ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். செல்போனைத் தள்ளி வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் படுங்கள். முதல் வாரம் கஷ்டம்தான். பிறகு உடம்பு மெல்லப் பழகும்.

அறையில் ஒருத்தன் தூக்கமில்லாமல் புரண்டால், பொட்டலம் நீட்டுபவன் வருவதற்கு முன் நாம் பக்கத்தில் உட்காருவோம்!

– இறுதியாண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை