வடிவமே இல்லாத புரதங்கள்



புரதம் பற்றி அறிவியல் பாடத்தில் என்ன படித்தோம்? அமினோ அமிலங்கள் மணி கோத்த மாதிரி வரிசையாகச் சேர்ந்து சங்கிலி ஆகும். அந்தச் சங்கிலி மடிந்து ஒரு வடிவத்துக்கு வரும். வடிவம் சரியாக இருந்தால்தான் வேலை நடக்கும். இதற்குப் பூட்டு சாவி உதாரணம் சொல்வார்கள். 1894-ல் அதைச் சொன்னவர் எமில் ஃபிஷர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி. நல்ல உதாரணம்தான், ஆனா எல்லாப் புரதத்துக்கும் பொருந்தாது.

மடியாமலே, தளர்ந்த நூல் மாதிரி ஆடிக்கொண்டே வேலை செய்யும் புரதங்களும் இருக்கின்றன. சிலது முழுசும் அப்படி. சிலதில் வால் பகுதி மட்டும் அப்படி. இவற்றுக்கு 'இயல்பிலேயே ஒழுங்கற்ற புரதங்கள்' என்று பெயர். எனக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஏதோ வகுப்பில் சேட்டை செய்கிற பிள்ளை மாதிரி இருக்கு!

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். முட்டையை வேக வைத்தால் வெள்ளைக்கரு கெட்டியாகிறது. அதிலுள்ள புரதங்களின் மடிப்பு சூட்டில் பிரிந்து, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால்தான் அப்படி. பாலை எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் ஏன் முட்டை மாதிரி கெட்டியாவதில்லை? பசும்பாலின் புரதத்தில் 100-க்குச் சுமார் 80 பங்கு கேசீன். கேசீன் தளர்ந்த புரதம். மடிப்பே இல்லாதபோது சூட்டில் எது பிரியும்? (புளித்த பால் திரிவது அமிலத்தால், அது வேற.) கன்றுக்குட்டிக்கு வேண்டிய கால்சியத்தை மடியிலேயே கல்லாகிவிடாமல் பிடித்துக்கொண்டு வருவதும் இந்தக் கேசீன்தான்.

தளர்ந்து இருப்பதில் என்ன லாபம்? ஒரு துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். தலையில் கட்டினால் தலைப்பாகை. சுருட்டி வைத்துக் குடம் தூக்கினால் சும்மாடு. இடுப்பில் கட்டினால் கச்சை. துண்டுக்கென்று தனி வடிவம் இல்லாததால்தான் இத்தனையும் முடிகிறது. நம் செல்லில் பி53 என்று ஒரு காவல்காரப் புரதம் உண்டு. டி.என்.ஏ. கெட்டுப்போனால் செல் பிரியாமல் தடுக்கும். அதன் வால் தளர்ந்தது. அந்த வாலின் ஒரே பகுதி ஒரு புரதத்தோடு சேரும்போது சுருளாகிறது, இன்னொன்றோடு சேரும்போது நீட்டமாகிறது. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் பி53-இன் ஜீன் கெட்டிருக்கிறது. (பெரும்பாலும் கெடுவது மடிந்த நடுப்பகுதி. வாலைக் குறை சொல்ல வேண்டாம்.)

ஆனால் இந்தச் சுதந்திரத்தில் ஆபத்தும் உண்டு. ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் நரம்பு செல்களின் நுனியில் இருக்கிறது. மொத்தம் 140 அமினோ அமிலங்கள். செல்லின் சவ்வில் ஒட்டும்போது மட்டும் சுருளாகும், மற்ற நேரம் தளர்ந்தே கிடக்கும். சில பேருக்கு இது ஒன்றோடு ஒன்று ஒட்டி நாராகி, செல்லுக்குள் கட்டியாகத் தங்கிவிடுகிறது. மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் சாகின்றன. அதுதான் பார்க்கின்சன் நோய், தமிழில் நடுக்குவாதம். கை நடுங்கும், நடை சுருங்கும், சட்டைப் பொத்தான் போடவே பாடாக இருக்கும். 1817-ல் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதை எழுதி வைத்தார். 1912-ல் லூயி என்ற ஜெர்மன் டாக்டர் மூளை செல்லுக்குள் கட்டிகளைப் பார்த்தார். அந்தக் கட்டி எதனால் ஆனது என்று தெரிய 1997 வரை ஆயிற்று! அதே வருஷம் இத்தாலி, கிரீஸ் நாட்டுக் குடும்பங்கள் சிலவற்றில் இந்தப் புரதத்தின் 53-வது அமினோ அமிலம் மாறியிருப்பதையும் கண்டுபிடித்தார்கள். 140 மணியில் ஒரே ஒரு மணி!

நம்ம ஊரில் வயசானவர்களுக்குக் கை நடுங்கினால் "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். எல்லா நடுக்கமும் இந்த நோய் கிடையாது. அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

இதற்குக் கொடுக்கும் முக்கிய மருந்து லெவோடோபா. வேலியில் படருமே பூனைக்காலி, பட்டால் அரிக்குமே, அதன் விதையில்கூட இது இருக்கிறது. (அதுக்காக விதையைப் பறித்துத் தின்ன வேண்டாம், அளவு தவறினால் கெடுதல்.) லெவோடோபா மூளைக்குள் டோபமைனாக மாறிக் குறையை ஈடுகட்டும். புரதம் கட்டியாவதை அது நிறுத்தாது. நிறுத்தும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்னும் வரவில்லை.

ஏன் இவ்வளவு கஷ்டம்? பொதுவாக மருந்து செய்பவர்கள் புரதத்தில் ஒரு குழியைத் தேடி, அதில் பொருந்தும் மருந்தைச் செய்வார்கள். இங்கே நிலையான குழியே கிடையாது. புரத வடிவத்தைக் கணித்துச் சொல்லும் ஆல்ஃபாஃபோல்டு என்ற கம்ப்யூட்டர் முறைக்காக 2024-ல் வேதியியல் நோபல் பரிசில் பாதி கொடுத்தார்கள். அதுவும் இந்தத் தளர்ந்த பகுதிகள் வந்தால், நம்பிக்கை குறைவு என்று குறித்து, நூல் அவிழ்ந்த மாதிரி ஒரு கோடு போட்டுக் காட்டுகிறது. அதனால் ஒரே படத்தை நம்பாமல், அந்த நூல் ஆடும் நிலைகள் பலவற்றையும் சேர்த்துப் பார்த்து, எந்த நிலையில் பிடித்தால் நாராகாமல் தடுக்கலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

– 9-ஆம் வகுப்பு மாணவி